மீதி ரக்அத்து

“ஆலிமா, எனக்குக் கோவமா வருது.”

ருகையா ஆலிமா தலையைத் தூக்கவில்லை. பெண்கள் கூடித் தொழும் தைக்காவில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, தரையில் படிந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“யார் மேல, லாத்தா?”

“எல்லார் மேலயும்.”

“அல்லா மேலயுமா?”

ஜெய்னம்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்திய கையை மெல்ல எடுத்தாள்.

“அதைத்தான் கேக்க வந்தேன்,” என்றாள்.

ஜெய்னம்பு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளை ‘லாத்தா’, அக்கா என்று கூப்பிடும் ஆலிமா அவளைவிட வெகு இளையவர். ஆனாலும் அந்தக் கடற்கரை ஊரில் மார்க்கத்தில் ஒரு சந்தேகம் என்றால் பெண்கள் ருகையாவிடம்தான் வருவார்கள். ஒரு முறை வந்தவர்களில் பாதிப் பேர் மறுமுறை வருவதில்லை. பதில் அப்படி இருக்கும்.

“உட்காருங்க.”

“உட்கார எங்க நேரம்? அதுதானே என் வழக்கே.”

“அப்ப நின்னுக்கிட்டே சொல்லுங்க.”

ஜெய்னம்பு சொன்னாள்.

அவள் புருஷன் மக்தூம் சாகிபு பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிறவர். காய்ச்சல் அடித்தாலும் ஜமாஅத்தாகச் சேர்ந்து தொழுவதை விடமாட்டார். மகன் உவைஸும் வாப்பாவுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்பான். வீடு என்றால் மக்தூம் சாகிபு வீடு மாதிரி இருக்க வேண்டும் என்று ஊரே சொல்கிறது.

“அந்த மனுஷன் முதல் வரிசையில நிக்கணும்னா நான் அவருக்கு முந்தி எந்திரிச்சு ஒளுவுக்கு வெந்நீர் வைக்கணும். வெள்ளைச் சட்டை தேய்ச்சிருக்கணும். தொப்பி கைக்கு எட்டணும். தொழுதுட்டு வந்தா இஞ்சித் தேத்தண்ணி ஆவி பறக்க இருக்கணும். மதியம் லுஹருக்குப் போனா திரும்பி வரும்போது தனியா வரமாட்டார். ‘பள்ளியில ஒரு வெளியூர்க்காரரைப் பாத்தேன், நம்ம வீட்டுல ஒரு வாய் சாப்பிடட்டும்’பார். ஒருத்தர்னுதான் சொல்லுவார். வாசல்ல மூணு பேரு செருப்பைக் கழத்துவாங்க.”

“விருந்து கொடுக்கிறது நன்மைதானே?”

“நன்மை யாருக்கு ஆலிமா? கூட்டிட்டு வந்தவருக்கா, உள்ள நின்னு வெங்காயம் வெட்டினவளுக்கா?”

ஆலிமா தேய்ப்பதை நிறுத்தினார்.

“நானும் தொழுறேன். இல்லேன்னு சொல்லல. எப்படி? தொழுகை வக்து முடியப்போற நேரத்துல, அடுப்படிக்கு வெளிய நடையில, கையில மீன் வாடையோட. குக்கர் மூணாவது விசில் அடிச்சா அணைக்கணும். நெத்தியைத் தரையில வச்சு சஜ்தாவுல நான் தஸ்பீஹ் எண்ணுறேனா, விசில் எண்ணுறேனா, எனக்கே தெரியல. பாதியில ‘ஜெய்னம்பு!’ன்னு ஒரு சத்தம் வரும். கல்யாணமாகி வந்ததுலருந்து ஒரு வக்து, ஒரே ஒரு வக்து, யாரும் கூப்பிடாம நான் தொழுததில்ல.”

அவள் குரல் ஏறியது. அழுகையால் அல்ல.

“அவங்க எல்லாரும் சொர்க்கத்துக்கு ஏறிப் போறதுக்கு நான் என்ன படிக்கட்டா?”

ஆலிமா ஒரு வாளித் தண்ணீரை எடுத்துத் தரையில் வீசி ஊற்றினார். பச்சைத் தண்ணீர் ஓடிப் போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நடையில ஏன் தொழுறீங்க?”

“கூப்பிட்டா காது கேக்கணும்ல.”

“வீட்டுல கூடம் இல்லையா?”

“இருக்கு.”

“நாளைக்குத் தொழுற முசல்லாவை அங்க விரிங்க. பாங்கு முடிஞ்ச உடனே தொழக் கையைக் கட்டுங்க. யார் கூப்பிட்டாலும் அவிழ்க்காதீங்க.”

“பால் பொங்கிடுமே?”

“பொங்கட்டும்.”

“அவருக்குக் கோவம் வருமே?”

“வரட்டும். இவ்வளவு காலமா உங்களுக்கு மட்டும்தானே வந்துச்சு.”

ஆலிமா மறுபடியும் குந்தி உட்கார்ந்து நாரைக் கையில் எடுத்தார்.

*

மறுநாள், பிற்பகல் அஸர்த் தொழுகைக்கான பாங்கு முடிந்தது.

ஜெய்னம்பு கூடத்தின் நடுவில் முசல்லாவை விரித்தாள். கை கட்டினாள்.

“ஜெய்னம்பு, தொப்பி எங்கே?”

அவள் ஓதிக்கொண்டிருந்தாள்.

“ஜெய்னம்பு!”

மக்தூம் சாகிபு கூடத்துக்கு வந்தார். நடு வீட்டில் நின்று தொழும் மனைவியைப் பார்த்தார். தொழுகிறவர் குறுக்கே போகக் கூடாது. சுவரோரமாக ஒண்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அலமாரியைத் திறந்தார், மூடினார். உள்ளே பால் பொங்கி அடுப்பில் தீய்ந்த நாற்றம் வந்தது.

“ஏ, பாலு! யாராவது பாருங்களேன்!”

மருமகள் மர்ஜானா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். உவைஸைக் கட்டி அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள்தான் மாமாவின் தொப்பியையும் தேடிக் கொடுத்தாள்.

மக்தூம் சாகிபு பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் வரிசை நிறைந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் நின்று தொழுதார்.

திரும்பி வந்தவர் வாசலிலிருந்தே சத்தம் போட்டார்.

“இந்த வீட்டுல ஒரு ஒழுங்கு இருக்கா? கூப்பிட்டா ஒரு பதில் கிடையாது?”

“தொழுதேன்,” என்றாள் ஜெய்னம்பு.

மக்தூம் சாகிபு வாயைத் திறந்தார். மூடினார்.

பள்ளிவாசலில் இளவட்டங்களை நிறுத்திவைத்துத் தொழுகையின் மேன்மையைச் சொல்கிறவர் அவர். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடிக்குப் போனார். படிகள் ஒவ்வொன்றும் அதிர்ந்தன.

ஜெய்னம்பு முசல்லாவை மடித்தாள். நெஞ்சுக்குள் என்னவோ குளிர்ந்தது. தொழுகையின் குளிர்ச்சி என்றே அவள் நினைத்தாள்.

*

அவள் தொழுகை நீண்டது.

குர்ஆனின் சின்னச் சூராக்களை விட்டுவிட்டுப் பெரிய சூராக்களை எடுத்தாள். கடமைத் தொழுகைக்கு முன் சுன்னத்து, பின் சுன்னத்து, அதற்குப் பிறகு தஸ்பீஹ், அதற்குப் பிறகு துஆ. சிலசமயம் எல்லாம் முடிந்த பிறகும் முசல்லாவிலேயே உட்கார்ந்திருப்பாள். வெளியே மக்தூம் சாகிபு தொண்டையைச் செருமுவது கேட்கும். கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொள்வாள்.

செருமட்டும். கிடந்து செருமட்டும்.

கொஞ்ச நாளில் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை என்றானது. தொப்பி அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வெந்நீர் கொதித்தது. இஞ்சித் தேத்தண்ணி நேரத்துக்கு வந்தது. விருந்தாளிகள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், வீடு செழிக்கப் பறக்கத்துக்கு துஆ செய்துவிட்டுப் போனார்கள்.

ஜெய்னம்பு தைக்காவுக்குப் போனாள். இந்த முறை உட்கார்ந்தாள்.

“ஜெயிச்சுட்டேன் ஆலிமா. இப்ப யாரும் கூப்பிடுறதில்ல.”

ஆலிமா கிழிந்த பாயின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“தேத்தண்ணி யார் போடுறா?”

“என்னது?”

“உங்க வீட்டுல. அஸருக்குப் பொறவு. தேத்தண்ணி யார் போடுறா?”

ஜெய்னம்புவின் முகம் சிவந்தது.

“அதை ஏன் கேக்கீங்க? சின்னப் பிள்ளை, கையும் காலும் ஓடுற வயசு. செய்யட்டுமே. நான் அந்த வீட்டுக்கு வந்தப்ப எனக்கு யாரு செஞ்சா? என் மாமியா ஒரு நாள், ஒரு பொழுது, ‘நீ போய்த் தொழு புள்ளே’ன்னு சொல்லியிருப்பாளா?”

ஆலிமா ஊசியைப் பாயில் குத்திவைத்தார். எழுந்தார். வாசலுக்குப் போய் ஜெய்னம்புவின் செருப்புகளைக் கையில் எடுத்து, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். திரும்பி வந்து மறுபடியும் தைக்க உட்கார்ந்தார்.

ஜெய்னம்புவுக்கு அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது.

“நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?”

ஊசி பாய்க்குள் போய் வந்துகொண்டிருந்தது.

வீடு வரை அவள் நடக்கவில்லை. ஓடினாள். ‘இவ என்ன பெரிய இவ’ என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். அன்று இரவு இஷாவை வழக்கத்தைவிட நீட்டித் தொழுதாள்.

*

அது வெள்ளிக்கிழமை.

ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். ஜெய்னம்பு கூடத்தில் லுஹர் தொழ நின்றாள். சுன்னத்துகளை முடித்துக்கொண்டு, நின்று குனிந்து நெற்றி தரையில் வைத்து எழும் நான்கு ரக்அத் கடமையான பர்ளுக்கு வருவதற்குள் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. மக்தூம் சாகிபு ஜும்ஆ முடிந்து நான்கு விருந்தாளிகளோடு வந்துவிட்டார்.

“மர்ஜானா, சோறு ஆச்சாம்மா? இவங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது!”

“இதோ, மாமா!”

மர்ஜானா பெரிய பானையைத் தனியாகத் தூக்கிச் சாய்த்தாள். வடிக்கும்போது மூடி நழுவியது. கொதிக்கிற கஞ்சி முழங்கையிலிருந்து விரல் வரை இறங்கியது.

“மாமீ!”

ஜெய்னம்பு மூன்றாவது ரக்அத்தில் நின்றாள். இன்னும் ஒரு ரக்அத் மீதி இருந்தது.

அந்தச் சத்தம் அவள் முதுகில் வந்து அடித்தது. கட்டியிருந்த கை ஒரு நொடி தளர்ந்தது.

பிறகு அவள் நினைத்தாள்: ‘அவர் கூப்பிட்டு நான் வரலேன்னு இப்ப இவளை விட்டுக் கூப்பிடுறாங்க. அவிழ்க்க மாட்டேன். செத்தாலும் அவிழ்க்க மாட்டேன்.’

கையை இறுக்கினாள்.

மக்தூம் சாகிபு அடுப்படி வாசலுக்கு ஓடி வந்தார். தரையெல்லாம் சோறு. மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறாள். அந்த அடுப்படிக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. தண்ணீர் எங்கே, துணி எங்கே, ஒன்றும் தெரியாது. தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார்.

“ஜெய்னம்பு!” என்று கூப்பிட்டார். “ஜெய்னம்பு! ஜெய்னம்பு!”

ஜெய்னம்பு நான்காவது ரக்அத்துக்கு எழுந்தாள். எப்போதையும்விட நிதானமாக ஓதினாள். கடைசி இருப்பான அத்தஹிய்யாத்தில் உட்கார்ந்து ஓத வேண்டியதை ஓர் எழுத்து விடாமல் ஓதினாள். வலப்பக்கம் ஸலாம் கொடுத்தாள். இடப்பக்கம் ஸலாம் கொடுத்தாள்.

எழுந்து அடுப்படிக்கு வந்தாள்.

மர்ஜானா குழாயைத் தானே திறந்து கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். தோல் வெள்ளையாகச் சுருங்கியிருந்தது. உதட்டைக் கடித்த இடத்தில் ரத்தம். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

“தொழுது முடிச்சுட்டீங்களா, மாமி?” என்றாள்.

*

பின்னாலேயே பள்ளியிலிருந்து வந்த உவைஸ் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். சாயங்காலம் கையில் பெரிய கட்டோடு திரும்பினாள். வந்ததும் பையை எடுத்து வைத்து ஒற்றைக் கையால் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

“எங்கே போறே?” என்றாள் ஜெய்னம்பு.

“எங்க உம்மா வீட்டுக்கு.”

“கை ஆறுற வரைக்குமா?”

மர்ஜானா இன்னொரு துணியைப் பையில் வைத்தாள்.

“கேக்கேன்ல?”

“கை ஆறினா பொறவும் வரணுமான்னு யோசிக்கணும், மாமி.”

“என்ன பேச்சு பேசுறே நீ?”

மர்ஜானா நிமிர்ந்தாள். இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்ததில்லை. அன்றும் உயரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

“நீங்க கூடத்துல தொழ ஆரம்பிச்சதுலருந்து எனக்கு ஒரு லுஹரும் வக்துல கிடைக்கல. அஸரும் கிடைக்கல. எல்லாம் நேரம் தப்பிக் கழா. ராத்திரி படுக்கும்போது எல்லாத்தையும் சேர்த்துத் தொழுறேன். நின்னுக்கிட்டே தூங்குறேன். எங்க வீட்டுல இருந்தப்ப நான் ஒரு வக்து விட்டதில்ல மாமி. தொழுற வீடுன்னு சொல்லித்தான் எங்க வாப்பா என்னை இங்க கொடுத்தாங்க.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“எப்பச் சொல்ல? நீங்க எப்பவும் தொழுதுக்கிட்டில்ல இருந்தீங்க.”

ஜெய்னம்பு அறையை விட்டு வெளியே வந்தாள். அடுப்படித் தரையில் சிந்திய சோறு அங்கங்கே காய்ந்து ஒட்டியிருந்தது. யாரும் எடுக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டினாள்.

*

மறுநாள் மதியம் சாய்ந்ததும் தைக்காவுக்குள் புயலாக நுழைந்தாள். முக்காடு தோளில் கிடந்தது.

“நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்! யார் கூப்பிட்டாலும் அவிழ்க்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க! இப்ப என் மருமக கை வெந்து கிடக்கா. பையைக் கட்டிட்டா. அஸருக்குப் பொறவு ஆட்டோ வருது. என் மகன் என் முகத்தைப் பாக்கல. உங்க பேச்சைக் கேட்டு என் குடும்பமே போச்சு!”

ஆலிமா அவளை முழுக்கப் பேச விட்டார்.

“கை எப்படி இருக்கு?”

“தோல் உரிஞ்சிருக்கு. விரல் மடங்குது. பயமில்லேன்னு டாக்டர் சொன்னார்.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

அதைச் சொல்லி முடித்ததும் ஆலிமாவின் முகம் மாறியது. அந்தச் சின்ன உடம்பு முழுக்கக் கோபம் ஏறி நின்றதை ஜெய்னம்பு அன்றுதான் பார்த்தாள்.

“அவ கத்தினது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“கூப்பிடுற சத்தத்துக்கும் கத்துற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு?”

ஜெய்னம்பு தரையைப் பார்த்தாள்.

“பிள்ளை பெத்தவங்கதானே நீங்க? தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“ஒரு உயிர் பதறிக் கத்தினா தொழுகையை முறிச்சுட்டு ஓடணும். உங்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கேன். இங்க, இதே இடத்துல.”

“தெரியும், ஆலிமா.”

“அவ கத்தினப்ப எத்தனாவது ரக்அத்?”

“மூணாவது.”

ஆலிமா பக்கத்தில் வந்தார். குரல் இறங்கிவிட்டது.

“மூணு வரைக்கும் நான் கேக்கல. மீதியை யாருக்குத் தொழுதீங்க?”

ஜெய்னம்பு பதில் சொல்ல வாயெடுத்தாள்.

அவள் கண்முன் தொழும் திசையான கிப்லா வரவில்லை. அடுப்படி வாசலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட மக்தூம் சாகிபின் முகம் வந்தது. அந்த ஒரு ரக்அத் முழுக்க அவள் அந்த முகத்தை நோக்கித்தான் நின்றிருந்தாள்.

முக்காட்டை இழுத்துத் தலையில் போட்டாள். ஸலாம்கூடச் சொல்லாமல் இறங்கி நடந்தாள்.

*

வீட்டுக்குள் நுழையும்போது மக்தூம் சாகிபின் குரல்.

“தேத்தண்ணி ஒரு வாய் கிடைக்குமா இன்னைக்கு? பாங்கு சொல்லப் போறாங்க.”

ஜெய்னம்பு அடுப்படியைப் பார்த்தாள். மர்ஜானா கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். புறப்படுவதற்காக உடுத்திய உடுப்பில் இருந்தாள்.

ஜெய்னம்பு பாத்திரத்தைப் பிடுங்கி மேடையில் வைத்தாள். சத்தம் கூடத்துக்குக் கேட்டது. மருமகளின் நல்ல கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டி வந்தாள்.

அதே நேரம் பாங்கு ஒலித்தது.

மூவரும் அப்படியே நின்றார்கள். பாங்கு சொல்லும்போது அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஜெய்னம்புவின் உதடுகள் பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

பாங்கு முடிந்தது. மக்தூம் சாகிபு தொப்பியைச் சரிசெய்தார்.

“சரி, தேத்தண்ணி வந்து குடிச்சுக்கிடுறேன். பாங்கு சொல்லிட்டாங்க.”

“யாருக்குச் சொன்னாங்க?”

“என்ன?”

“உங்க பேரைச் சொல்லியா கூப்பிட்டாங்க? எனக்கும் கேட்டுச்சு. இந்தப் பிள்ளைக்கும் கேட்டுச்சு.”

“தொழுங்களேன். யாரு வேணாம்னா? நான் என்னைக்காவது தொழாதேன்னு சொன்னேனா?”

“சொல்லல. தொழ விட்டதும் இல்ல. முன்னால என்னை விடல. நான் உங்க கைக்கு எட்டலேன்னதும் இவளை விடல.”

“ஜெய்னம்பு, சத்தத்தைக் குறை. தெருவுக்குக் கேக்குது.”

“கேக்கட்டும்! நேத்து இவ கத்தினதும்தான் கேட்டுச்சு. நான் வரல. நீங்களும் வாசல்ல நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க, ஒரு சொம்புத் தண்ணி எடுத்து இந்தக் கையில ஊத்தல. நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான். மார்க்கப்பற்றுள்ள குடும்பம்! த்தூ!”

மக்தூம் சாகிபின் முகம் கறுத்தது. இப்படி ஒரு சொல்லை அவர் யாரிடமும் கேட்டதில்லை.

“இப்ப என்ன செய்யணுங்கிறே?”

“இவ தொழணும். வக்துல. அடுப்புக்கு நீங்க போங்க.”

“நானா? ஜமாஅத் போயிடும்!”

“ஜமாஅத் போனா வீட்டுல தொழுதுக்கிடலாம். இவ போயிட்டா என்ன செய்வீங்க?”

அப்போதுதான் அவர் பையைப் பார்த்தார். கூடத்துக் கதவோரத்தில் இருந்தது. காலையிலிருந்து அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்திருக்கிறார்.

பையைப் பார்த்தார். மருமகளின் கட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். தெருவில் ஆட்கள் பள்ளிக்கு விரைந்துகொண்டிருந்தார்கள்.

தொப்பியைத் தலையிலிருந்து பிடுங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். தரை அதிர அடுப்படிக்குப் போனார்.

ஜெய்னம்பு மருமகளை ஒளு செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். நல்ல கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். முகம் கழுவிவிட்டாள். கட்டு நனையாமல் அதன் மேல் ஈரக்கையால் தடவிவிட்டாள்; காயப்பட்ட கைக்கு அதுவே ஒளு. குனிந்து பாதங்களைக் கழுவியபோது மர்ஜானா காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

“வேணாம் மாமி.”

“காலை நீட்டு.”

கூடத்தில் முசல்லாவை விரித்துக் கொடுத்தாள். மர்ஜானா நின்றாள். கட்டுப் போட்ட கையின் மேல் மற்றக் கையை வைத்தாள்.

ஜெய்னம்பு கூடத்து வாசலில் போய் நின்றுகொண்டாள்.

அடுப்படியில் தட்டுகள் சரிந்து விழுந்தன. எதன் மூடியோ உருண்டு போனது.

“மர்ஜானா! தேயிலை எந்த டப்பாவுலம்மா?”

“தொழுறா,” என்றாள் ஜெய்னம்பு.

“அப்ப நீ சொல்லு!”

“தேடிப் பாருங்க.”

வசவு மாதிரி ஏதோ கேட்டது. பிறகு டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம்.

தெருவில் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. உவைஸ் செருப்போடு உள்ளே ஓடி வந்தான்.

“மர்ஜா…”

உம்மாவின் கண்ணைப் பார்த்ததும் மீதியை விழுங்கினான். கூடத்துக்குள் பார்த்தான். மர்ஜானா சஜ்தாவில் இருந்தாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. உவைஸ் வெளியே ஓடி ஆட்டோக்காரரிடம் கையைக் காட்டிக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, உம்மாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

வீடு அடங்கியது. அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் இருந்தது.

மர்ஜானா அவசரப்படவில்லை. ஒவ்வொரு ரக்அத்தையும் ஆற அமரத் தொழுதாள். சஜ்தாவில் அவள் தோள் குலுங்குவதை ஜெய்னம்பு பார்த்தாள். போய்த் தொடவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மக்தூம் சாகிபு கையில் ஒரு தம்ளரோடு வந்தார். கறுத்துக் கலங்கிய தேத்தண்ணி விளிம்பில் தளும்பியது. விரலைச் சுட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பார்த்ததும் அவரும் மனைவிக்குப் பின்னால் நின்றுவிட்டார். சூடு தாங்காமல் தம்ளரைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தார். யாரையும் கூப்பிடவில்லை.

மர்ஜானா வலப்பக்கம் ஸலாம் கொடுத்தாள். இடப்பக்கம் ஸலாம் கொடுத்தாள்.

திரும்பினாள். வாசலில் மூன்று பேர் நின்றார்கள்.

“ஆட்டோவைப் போகச் சொல்லுங்க,” என்றாள் உவைஸிடம். முகத்தில் சிரிப்பு இல்லை. கண் சிவந்திருந்தது.

எழுந்தாள். முசல்லாவை மடிக்காமல் விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“தள்ளுங்க மாமி. நீங்க போய்த் தொழுங்க. இங்க நான் நிக்கேன்.”